நாற்பத்தொன்றாம் பகுதியின் கீழ்ச்சரிவு

மரத்துக்கு வாய் கிடையாது என்பதால் அதைப் பற்றி யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். வெர்னுவா காட்டில் அப்படிச் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கியவர்கள் ஆறு பேர். அவர்களில் மூத்தவள் ஓடீல். நின்றுகொண்டிருக்கும் ஓக் மரத்தைப் பார்த்து, இதில் இத்தனை பங்கு பீப்பாய்ப் பலகைக்கு ஆகும், இத்தனை தரைப்பலகைக்கு ஆகும், மிச்சம் அடுப்புக்கு என்று அவள் சொன்னால், வெட்டிப் பார்க்கும்போது பெரிதாகப் பிசகாது. பிசகாது என்று அவளும் நம்பினாள், ஊரும் நம்பியது. வினையே அங்கேதான் இருந்தது.

பிப்ரவரியில், இலை துளிர்ப்பதற்கு முன்னால், குறிபோடும் வேலை நடக்கும். குரல் எட்டும் தூரம் விட்டு வரிசையாக நடப்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சுத்தியல். அதன் ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் முத்திரை. வெட்ட வேண்டிய மரத்தின் விட்டத்தை நெஞ்சுயரத்தில் சென்டிமீட்டரில் அளந்து, ஒரு சுற்று சுற்றி வந்து தரத்தைக் கணித்து, "ஓக், எழுபது, பி!" என்று கத்த வேண்டும். வரிசையின் நடுவில், கணக்கைப் பதிகிற கருவியோடு வரும் பெர்த்ரான், "ஓக், எழுபது, பி!" என்று திருப்பிக் கத்துவான். அவன் திருப்பிச் சொன்ன பிறகுதான் பட்டையைச் செதுக்கி முத்திரை அடிக்கலாம். மாதா கோயிலில் பாதிரியாருக்குப் பதில் சொல்லக்கூடச் சோம்பல்படுகிற பெர்த்ரான் காட்டில் மட்டும் ஒரு மரத்தையும் பதில் சொல்லாமல் விட்டதில்லை.

மரத்தின் குறைகளில் பெரும்பாலானவை பட்டையிலேயே தெரிந்துவிடும். கிளை உதிர்ந்த இடத்தில் மீசை போல ஒரு வடு இருக்கும். மீசை படுத்திருந்தால் கணு ஆழத்தில் புதைந்துவிட்டது, அதற்கு வெளியே நல்ல மரம் கனமாக ஏறியிருக்கிறது. மீசை கூர்ந்து தொங்கினால் கணு மேலாக இருக்கிறது, பலகையைக் கெடுத்துவிடும். கடும்பனியில் வெடித்த மரத்தில் மேலிருந்து கீழே தழும்பு தடித்திருக்கும். உள்ளே மட்கிப்போன மரம் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டினால் பொத் பொத்தென்று கேட்கும். யாருக்கும் பிடிகொடுக்காதது ஒன்றே ஒன்றுதான், வளையம் விட்ட மரம். ஒரு வருஷத்து வளையம் அடுத்த வருஷத்து வளையத்தோடு ஒட்டாமல் உள்ளுக்குள்ளேயே விலகி நிற்கும். வெளியே பட்டை குற்றம் சொல்ல முடியாதபடி இருக்கும். சாய்த்து அடிவெட்டைப் பார்த்தால்தான் குட்டு உடையும். பிளந்தால் வெங்காயம் மாதிரி கழன்று வரும்.

காட்டை எண் போட்டுப் பகுதிகளாகப் பிரித்திருந்தார்கள்; நாற்பதாம் பகுதியில் அப்படித்தான் ஆயிற்று. சில வருஷங்களுக்கு முன்னால் அதை எடுத்த வெளியூர் வியாபாரி, ஏழாவது மரம் விழுந்தபோது அடிக்கட்டையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். அந்த வருஷமே அவருடைய பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. காட்டு இலாகா மரத்தை நின்ற நிலையில்தான் விற்கும். உள்ளே இருக்கும் குறைக்குப் பொறுப்பேற்காது. வாங்குகிறவர் தன் கண்ணை நம்பி வாங்க வேண்டும். பழுத்த அனுபவசாலியான அந்த மனிதர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் ஓடீல்.

இந்த வருஷம் குறிபோட்டது பக்கத்திலிருந்த நாற்பத்தொன்றாம் பகுதியில். மேட்டில் மரங்கள் சுமார்தான். கீழ்ச்சரிவில் இருந்தவையோ ஒவ்வொன்றும் நெட்டுக்குத்தாக, கிளையில்லாமல், பார்க்கப் பார்க்கத் தெவிட்டாதவை. ஓடீல் அங்கே வந்ததும் நின்றுவிட்டாள்.

"என்ன ஓடீல், மரத்தையே பாத்துக்கிட்டு நிக்கிற? சம்பந்தம் பேசப் போறியா?" என்று பெர்த்ரான் கத்தினான்.

ஓடீல் காலால் சருகைத் தள்ளினாள். வெளுத்த மணல் தெரிந்தது. "இங்க வந்து பாரு. நாப்பதுல இருந்த அதே மணல், அந்த மரங்களக் கெடுத்ததே இதுதான். அங்கேருந்து இந்தச் சரிவு பூரா ஓடியிருக்கு."

"சரி, ஓடியிருக்கு. அதுக்கு?"

"இதெல்லாம் வளையம் விட்டிருக்கும்."

"உள்ள போய் எட்டிப் பாத்துட்டு வந்தியா? கண்ணுக்குத் தெரியறதச் சொல்லு தாயி, நான் பதிஞ்சுக்கறேன். குளிருல கை விறைக்குது."

பட்டையில் ஒரு குறையும் இல்லை. "ஓக், எழுபத்தஞ்சு, ஏ!" என்று ஓடீல் வேண்டா வெறுப்பாகக் கத்தினாள். பெர்த்ரான் உற்சாகமாகத் திருப்பிக் கத்தினான். சரிவு முழுக்க அவள் ஏ ஏ என்று கத்திக்கொண்டே போனாள். ஒவ்வொரு தடவையும் பொய்ச்சாட்சி சொல்வது போல இருந்தது.

அவளுக்கு ஒரே தம்பி, ரெமி. காட்டின் விளிம்பில் ஓக் மரத்தைப் பிளந்து பீப்பாய்ப் பலகை செய்யும் சின்னப் பட்டறை வைத்திருந்தான். ஆள் தனிக்கட்டை; கூட இரண்டு வேலைக்காரர்கள். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அவனுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியதெல்லாம் ஓடீல்தான். அவனுக்கு ஐம்பது வயது நெருங்கியும் அந்தச் சீப்பை அவள் கீழே வைக்கவில்லை.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் வீட்டில்தான் சாப்பாடு. சாப்பாட்டு மேஜையில் காட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்று இருவருக்கும் நெடுநாள் ஒப்பந்தம். இலாகாவில் இருக்கிறவர்கள் வாங்குகிறவர்களிடம் மரத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது விதி. அக்கா தம்பிக்கு அது இரண்டு மடங்கு. இத்தனை வருஷத்தில் ரெமி ஜாடையாகக்கூட ஒன்றும் கேட்டதில்லை. கேட்பது கேவலம் என்று நினைக்கிற பிறவி அவன்.

இலையுதிர் காலத்தில் நடக்கும் ஏலத்துக்கு முந்தைய ஞாயிறு அவன் உருளைக்கிழங்கு வைத்து, மேல்மாவைப் பிளந்து பாலாடை ஊற்றிய அப்பம் சுட்டிருந்தான். ஓடீலுக்கு உயிர் அது. அன்றைக்கு அவனே அதில் கை வைக்கவில்லை.

"என்னடா, உடம்பு சரியில்லயா?"

"உடம்புக்கென்ன. பட்டறையிலதான் பேருக்குக்கூட மரம் இல்ல." சொன்னபின் சிரிக்க முயன்றான். "பீப்பாய்க்காரன் கறாரா சொல்லிட்டான்க்கா. இந்தக் குளிர்காலத்துக்குள்ள நெருக்க ரேகை ஓக் குடுக்கலன்னா வேற எடம் பாத்துக்கறானாம். அவன் போயிட்டா எனக்கு வேற யாரு இருக்கா? நாப்பத்தொண்ணு கெடைக்கலன்னா வசந்தத்துல கதவ மூடிட வேண்டியதுதான்."

"ரெமி..."

"நீ ஒண்ணும் சொல்லாதே. நான் கேக்கல. அப்பத்தச் சாப்பிடு."

ஓடீல் சாப்பிட்டாள். அடிக்கட்டையில் உட்கார்ந்து அழுத மனிதருடைய முகத்தில் ரெமியின் முகத்தை வைத்துப் பார்த்தாள். அதன் பிறகு அந்த முகம் நகர மறுத்தது. விதி என்று ஒன்று இருக்கிறதே என்று மனசு சொல்லாமல் இல்லை. கூடப் பிறந்தவன் கிணற்றில் விழப்போகும்போது விதியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவள் என்ன மனுஷி என்றும் அதே மனசு கேட்டது. காபியைக் குடித்து முடித்து, முற்றத்தில் அவளுடைய கார் அருகே அவன் வழியனுப்ப வந்தபோது, அவனைப் பார்க்காமல் கதவுப் பிடியைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டாள்:

"கீழ்ச்சரிவு மரத்த நம்பாதே. வளையம் விட்டிருக்கும்."

"ஏன்க்கா சொன்ன?" என்றான் ரெமி. அவன் குரலில் நன்றி இல்லை. "இப்ப நான் கேக்காத மாதிரி இருக்க முடியாதே."

"அழிஞ்சு போவடா. அதான் சொன்னேன்."

"உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

இந்த இடத்தில் அவள் 'எனக்குத் தோணுது' என்று சொல்லியிருக்கலாம். உண்மை அதுதான். "எத்தனை வருஷமா இந்தக் காட்டப் பாக்கறேன்? தெரியாமலா சொல்லுவேன்?" என்றாள்.

ஏலத்தன்று, வாங்க விரும்பியவர்கள் விலை எழுதி மூடிக் கொடுத்திருந்த கடிதங்களை மண்டபத்தில் பிரித்து வாசித்தார்கள். ரெமி மேட்டு மரத்துக்கு மட்டும் மதிப்புப் போட்டு, சரிவு மரத்தை விறகுக்குச் சமமாக வைத்துக் கேட்டிருந்தான். பெரிய பட்டறை முதலாளி கோசே ஒரே தூக்காகத் தூக்கிக்கொண்டு போனார். ரெமி அக்காவைப் பார்க்காமல் ஒயின் மேசைப் பக்கம் போனான். போகும்போது அவள் பக்கத்தில் ஒரு நொடி தயங்கி, "தப்பிச்சேன், இல்ல?" என்றான். ஓடீல் இமையைத் தாழ்த்தி ஆமோதித்தாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்கு ஒரே நிம்மதி. விதியை மீறிய உறுத்தல் இருந்தது. ஆனால் தம்பியைக் காப்பாற்றிவிட்டோம் என்ற பெருமை அதை அமுக்கிவிட்டது. ரெமி வேறொரு பகுதியில் கொஞ்சம் மரம் எடுத்தான். ரேகை முரடு என்று பீப்பாய்க்காரர் திருப்பி அனுப்பினார். போனால் போகிறது, கோசே மாதிரி மாட்டிக்கொள்ளவில்லையே என்று ஓடீல் நினைத்துக்கொண்டாள்.

டிசம்பரில் நாற்பத்தொன்றில் வெட்டு ஆரம்பித்தது. மேற்பார்வை ஓடீலுடையது. மேட்டை முடித்துவிட்டுச் சரிவுக்கு வந்த அன்று காலையில் அவள் சீக்கிரமே போய் நின்றாள். முதல் மரம் மளமளவென்று சாய்ந்து, தரை அதிர விழுந்தது. அவள் அடிவெட்டுக்குப் போய்க் குனிந்தாள்.

சுத்தமான மரம். மயிரிழை கணக்கில் நெருக்கமான ரேகைகள் நடுவிலிருந்து விளிம்பு வரை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஓரிடத்தில்கூட விலகல் இல்லை.

ஒன்று தப்பியிருக்கலாம் என்று அடுத்ததற்குக் காத்திருந்தாள். அதுவும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. உச்சி வேளைக்குள் ஓடீல் அடிவெட்டுக்கு அடிவெட்டு ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு மரத்தின் நடுவில் கறுப்பாக ஒரு கீற்றைப் பார்த்ததும் ஈரத்தரையில் மண்டியிட்டு விரலால் தடவினாள். அது மரம் விழும்போது ரம்பம் விட்ட கீறல்தான். அந்த நொடியில் தனக்கு வந்தது ஏமாற்றம் என்று புரிந்ததும் அவளுக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது. இருநூறு வருஷம் யாரையும் கெடுக்காமல் நின்ற மரம் உள்ளே கெட்டிருக்க வேண்டும் என்று அவள் கடவுளிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு வில்லை வெட்டிக் காட்டறீங்களா? கொஞ்சம் மேல தள்ளி," என்று மரம் வெட்டும் இவோனிடம் கேட்டாள்.

இவோன் காதுமூடியைக் கழற்றினான். "எதுக்கு மேடம்? இத வெட்டி வீணாக்கினா கோசே என் தோலை உரிச்சுடுவாரு. நானும் காலைலேருந்து பாக்கறேன், இந்த மரம் நாசமாப் போயிருக்கணும்னு நேர்ந்துக்கிட்ட மாதிரியில்ல பாக்கறீங்க."

மத்தியானம் கோசேயே வந்தார். பருத்த, கலகலப்பான மனிதர். ஒவ்வொரு அடிவெட்டையும் குழந்தையின் தலையைத் தடவுவது போலத் தடவினார். "சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க மேடம். உங்க தம்பி இத விட்டாரே, அத நெனைச்சாத்தான் அதிசயமா இருக்கு. அவர்தான் தூக்குவாருன்னு நாங்க பயந்து பயந்து எழுதினோம். கோடையில எத்தனை நாள் இங்கயே சுத்திக்கிட்டிருந்தாரு தெரியுமா? யாரோ என்னமோ சொல்லி அவரப் பயமுறுத்திட்டாங்க போல."

அவர் சூதுவாது இல்லாமல் சிரித்தார். ஓடீலும் சிரித்துவைத்தாள்.

அவர் போனபின் அவள் சரிவின் மேல் விளிம்புக்கு ஏறி, மேற்கே இருந்த நாற்பதாம் பகுதியைப் பார்த்தாள். இங்கே மணல், அங்கேயும் மணல். அப்படியிருக்க அங்கே ஏன் மரம் கெட்டது? நாற்பதாம் பகுதியில் வெட்டாமல் விட்ட மரங்களுக்கு அப்பால் வெகுதூரத்துக்கு இளங்காடு. அங்கே அவள் பிறப்பதற்கு முன்பே பெரிய மரங்களை மொட்டையாக வெட்டிவிட்டுப் புதிதாக வளரவிட்டிருந்தார்கள். அந்த இளங்காடு தலையெடுக்கும் வரை, மேற்கிலிருந்து வந்த ஒவ்வொரு புயலும் நேராக நாற்பதாம் பகுதியின் மேல்தான் அடித்திருக்கும். வருஷக்கணக்காக மரங்களைப் பிடித்து உலுக்கி உலுக்கி வளையங்களைப் பிரித்தது அந்தக் காற்று. மணல் ஒரு பாவமும் செய்யவில்லை. நாற்பத்தொன்றோ நாற்பதின் முதுகுக்குப் பின்னால், பள்ளத்தில், காற்றே படாமல் பத்திரமாக வளர்ந்திருந்தது. இளங்காட்டின் வயதும் அவளுக்குத் தெரியும், காற்றின் திசையும் தெரியும். சருகைக் காலால் தள்ளி மணலைப் பார்த்தவுடன் எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்துத் தலையை நிமிர்த்தாமல் இருந்துவிட்டாள். ஓடீல் வாய்விட்டு அழுதாள். கீழே ரம்பம் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

அங்கிருந்து நேராகப் பட்டறைக்குப் போனாள். வேலைக்காரர்கள் இல்லை. ரெமி நாடா போல நீண்ட பட்டை ரம்பத்தைச் சக்கரத்திலிருந்து கழற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தும் வேலையை நிறுத்தவில்லை.

"சரிவு மரத்த ஏத்திக்கிட்டு லாரி இந்த வழியாத்தான் போச்சு," என்றான். "நிறுத்தச் சொல்லி மரத்தப் பாத்தேன். டிரைவர் தெரிஞ்ச பையன்தான்."

ஓடீல் அங்கிருந்த கட்டையில் உட்கார்ந்தாள்.

"நாலு தடவ நடந்து பாத்தேன்க்கா அந்தச் சரிவ. காத்து படாத எடம், மரம் கெட்டிருக்காதுன்னு எனக்கே தோணிச்சு. நாப்பதப் பத்தியும் யோசிச்சேன். அது வேற, இது வேறன்னு பட்டுச்சு. கடிதம்கூட எழுதி வெச்சிருந்தேன். நீ சொன்னப்புறம் கிழிச்சுட்டு வேற எழுதினேன்."

"என்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடா. காத்தப் பத்தி ஒரு வார்த்த..."

"சொன்னா கேட்டிருப்பியா? 'தெரியாமலா சொல்லுவேன்'னு சொன்னியே. சின்ன வயசுலேருந்து நீ தெரியும்னா எனக்கும் தெரியும்தான். என் கண்ண விட்டுட்டு உன் கண்ண எடுத்துக்கிட்டேன்." அவன் சொன்னதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஓடீல் தாங்கியிருப்பாள். "நீ பொய் சொல்லியிருந்தா தேவல. சண்ட போட்டுட்டுப் போயிருப்பேன்."

"பட்டறை?"

"பீப்பாய்க்காரன் நேத்தே கோசேகிட்ட பேசிட்டானாம். கோசே நல்ல மனுஷன், மரம் பிளக்க ஆள் வேணும், வர்றியான்னு எனக்கும் சொல்லி அனுப்பியிருக்காரு. போறேன்னு சொல்லிட்டேன். அந்தச் சரிவு மரத்தப் பிளக்கத்தான்."

ஓடீல் எழுந்துவிட்டாள். "நான் நாளைக்கே ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடறேன். விதிய மீறினேன், வாங்கறவன்கிட்ட வாயத் தெறந்தேன்னு சொல்லிடறேன். வேலைய விட்டு அனுப்பட்டும். எனக்கு அதான் சரி."

அப்போதுதான் ரெமி கையிலிருந்ததைக் கீழே வைத்தான்.

"எழுதிக் குடுத்துட்டு? 'அக்கா ரகசியம் சொன்னா, தம்பி கேட்டுக்கிட்டான்'னு ஊரு பேசும். சொன்னது தப்பாப் போச்சுன்னா யாராவது பாப்பாங்களா? இத்தனை வருஷமா இவன் எடுத்த மரமெல்லாம் இப்படித்தான் எடுத்தான்னு சொல்லுவாங்க. கோசே வாசப்படி ஏற விடுவாரா? இப்ப நான் தோத்தவன். நீ வாயத் தெறந்தா திருடன். தோத்தவனாவே இருந்துட்டுப் போறேன், விடுக்கா."

"அப்ப நான் என்னதான்டா செய்யட்டும்?"

"ஒண்ணும் செய்யாத. இனிமே எனக்காக ஒண்ணுமே செய்யாத."

அவன் குனிந்து ரம்பப் பட்டையின் ஒரு பக்கத்தைத் தூக்கினான். நீளமான பட்டை, மறுபக்கம் தரையில் இழுபட்டது. ஓடீல் தன்னையறியாமல் கை நீட்டி அதைப் பிடிக்கப் போனாள். "வேணாம், பல் குத்திடும், நானே பாத்துக்கறேன்," என்று சொல்லி ரெமி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவன் அதைத் தனியாகவே மூன்று வளையமாக மடித்து, கயிறு கட்டி, ஆணியில் மாட்டி முடிக்கும் வரை ஓடீல் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாள்.